தையல் அறைக்குள் வந்த காத்தாடி

அந்தத் தெருவில் துணி தைப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் வீட்டுக்குத்தான் சுண்டு போகக் கூடாது என்று ஆகிவிட்டது.

அதனால் பள்ளிப் பாவாடையின் ஓரம் அவிழ்ந்தபோது அம்மா அதை ஊக்குகளால் பிடித்துவிட்டாள். நடந்தால் ஓர் ஊக்கு முழங்காலில் குத்தியது. உட்கார்ந்தால் இன்னொன்று குத்தியது. அசையாமல் நின்றால் எதுவும் குத்தாது. ஆனால் வகுப்பில் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தால், என்ன தப்பு செய்தாய் என்று டீச்சர் கேட்பார்.

நீங்களே தைத்துக் கொடுக்கக் கூடாதா என்று சுண்டு கேட்டுப் பார்த்தாள். அம்மா பேக்கரியில் வேலை செய்பவள்.

"எனக்கு ரொட்டி வெட்டத்தான் தெரியும். நான் தைச்சா பாவாடை பையாயிடும். அப்புறம் அதுல காய்தான் வாங்கிட்டு வரணும்," என்றாள் அம்மா.

சொன்னவளே சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அந்த வீட்டில் வேடிக்கைப் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

சுண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் சுண்டுவிரல் என்று தொடங்கி, சுண்டு என்று சுருங்கிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவள் பொத்தான். பொத்தானும் உண்மையான பெயர் இல்லை. சின்ன வயதில் ஒரு சட்டைப் பொத்தானை மூக்குக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போய்வந்தவள் அவள். அவளுடைய அம்மாதான் தெருவின் தையல்காரர். சுண்டு அவரைத் தையலத்தை என்று கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் தெருவுக்கு மேற்கே, மேட்டின்மேல் நின்றது.

அது ஒரு காற்றாலை. தெருக்காரர்கள் காத்தாடி என்றார்கள். மழைக்காலத்தில் நீண்ட நீண்ட லாரிகளில் துண்டு துண்டாக வந்து, கிரேன்கள் தூக்கி நிறுத்திய வெள்ளைக் கோபுரம். உச்சியில் மூன்று இறக்கைகள். ஓர் இறக்கையைத் தரையில் படுக்கவைத்தால் பாதித் தெரு அடைபட்டுப்போகும்.

சுண்டுவின் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறிப் போய், உச்சியில் இருக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு, திருகுகளை இறுக்கிவிட்டு வருவார். முதலில் தெருவே அவரைப் பெருமையாகப் பார்த்தது. மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று மளிகைக்கடை மாமா தினமும் கேட்பார்.

"நம்ம வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியும். உங்க தராசு சாய்ஞ்சிருக்கிறதும் தெரியும்," என்பார் அப்பா. மாமா சிரித்துக்கொண்டே சுண்டுவின் கையில் ஒரு மிட்டாயை வைப்பார்.

இப்போது அதே மாமா, சாமானைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்.

மழை முடிந்து வெயில் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. சாயங்காலம் காத்தாடியின் நிழல் தன் மாடி அறைக்குள் வருகிறது, தைக்க முடியவில்லை என்று தையலத்தை கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். ஓர் இன்ஜினியர் அம்மா வந்து பார்த்துவிட்டு, நிழல் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். தையலத்தை மறுபடி சொன்னார். அவர் மறுபடி வந்தார். மறுபடியும் நிழல் இல்லை.

அந்த நேரம் பார்த்து, மேட்டில் இன்னும் மூன்று காத்தாடிகள் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஒன்றுக்கே பொய் சொல்கிறவர்கள் நான்கு வந்தால் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று தெரு கொதித்தது. சுவர்களில் சிவப்புப் பெயின்டால் 'வேண்டாம்' என்று எழுதினார்கள். சுண்டுவின் வீட்டுச் சுவரிலும் யாரோ எழுதியிருந்தார்கள். காலையில் கதவைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. பெயின்ட் இன்னும் காயாமல் கீழே வழிந்துகொண்டிருந்தது.

அப்பா அதை அழிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

புகை இல்லை, கரி இல்லை, சும்மா வீசுகிற காற்றில் மின்சாரம் வருகிறது, இதைப் போய் வேண்டாம் என்கிறார்களே என்று அவர் அம்மாவிடம் மட்டும் வருத்தப்படுவார். தையலத்தை பொய் சொல்கிறார் என்று அவர் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள், "நிழல்தானே" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து மாடியேறி, தையலத்தையின் காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து தையலத்தை அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. பொத்தான் வகுப்பில் பெஞ்சு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

புதன்கிழமை இடைவேளையில் பொத்தான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுண்டுவின் காதில் விழட்டும் என்று பேசியது போலவும் இருந்தது, விழக் கூடாது என்று பேசியது போலவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமா வேன் கொண்டு வருகிறார். சாமான்களை ஏற்றிக்கொண்டு மாமாவின் ஊருக்கே போய்விடுகிறார்கள். பொத்தான் இனிமேல் அங்கேதான் படிப்பாள்.

சுண்டு அன்று மதியம் கணக்குப் பாடத்தில் எதையும் கேட்கவில்லை. ஊக்கு குத்தியதுகூடத் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெருவின் முனையில் கொஞ்ச நேரம் நின்றாள். வெயில் சாய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பிறகு தையலத்தை வீட்டு மாடிப்படியில் ஏறினாள். எதற்கு வந்தாய் என்று கேட்டால் பாவாடையைக் காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல இருந்தது. பொத்தான்தான் விளையாடுகிறாள் என்று சுண்டு நினைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். விளக்கு எதுவும் எரியவில்லை.

சுவரின் உச்சியிலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. தொங்கிக்கொண்டிருந்த சட்டைகள்மேல் விழுந்து, வெட்டும் மேசையைக் கடந்து, தையலத்தையின் முகத்தின் மேலேறி, கீழே மறைந்தது. அறை பளிச்சென்று வெளுத்தது. கண் பழகுவதற்குள் அடுத்தது இறங்கியது. வெளிச்சம், இருட்டு. வெளிச்சம், இருட்டு. அது நிற்கவே இல்லை.

தையலத்தை தையல் மெஷினுக்குமுன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தான் ஜன்னலோரம் ஒரு முக்காலிமேல் நின்று, படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"உன்னை யாரு வரச் சொன்னா?" என்றாள் பொத்தான்.

"பாவாடை..." என்று ஆரம்பித்தாள் சுண்டு.

"சரி, அந்தப் பக்கம் பிடி. கை வலிக்குது."

சுண்டுவுக்கு ஜன்னலின் பாதி வரைதான் எட்டியது. கட்டி வைத்திருந்த துணி மூட்டையைப் பொத்தான் காலால் தள்ளிவிட்டாள். சுண்டு அதன்மேல் ஏறி நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். விரிப்பு மெல்லியது. நிழல் அதையும் தாண்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் சுண்டுவுக்குத் தோள் வலித்தது. பிறகு அவளும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கனமான போர்வையைக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டாள். கட்டிப் பார்த்தாயிற்று என்றார் தையலத்தை. அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதை அடைத்தால் உள்ளே அடுப்பில் உட்கார்ந்தது போல ஆகிவிடுகிறது.

"வெளியில அவ்வளவு பெரிய காத்தாடி சுத்துது. நான் என்னடான்னா காத்தை அடைச்சுட்டு, பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காரணும். நல்லா இருக்குல்ல?" என்றார்.

அவருடைய ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு இருந்தது. இருட்டு விழுந்த நேரத்தில் ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டதாம். பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்கால நேரம் போனால் சொன்ன தேதிக்கு முடிக்க முடியாது.

அப்படியென்றால் வந்து பார்த்த இன்ஜினியர் அம்மா ஏன் நிழல் இல்லை என்றார்? சுண்டு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பத்து மணிக்கு வந்தாங்க. ரெண்டு தடவையும் காலையில பத்து மணிக்கு. அப்ப சூரியன் அந்தப் பக்கம் இருக்கும். நிழல் எப்படி இந்தப் பக்கம் வரும்? தெரிஞ்சேதான் நேரம் பாத்து வர்றாங்க."

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. நிழல் நின்றது. பொத்தான் விரிப்பை மடித்தாள். சுண்டுவின் பாவாடை ஓரத்தைத் தையலத்தை பார்த்தார். தொடவில்லை.

"இப்ப தைச்சா பாவாடைக்குப் பதிலா என் விரலைத்தான் தைப்பேன். கண்ணுக்குள்ள இன்னும் சுத்துது. போ, வீட்ல தேடுவாங்க."

அப்பா வழக்கம்போல இருட்டிய பிறகு வந்தார். அவர்கள் வீடு தெருவின் மறுகோடியில், மாவு மில்லின் உயரமான சுவருக்குப் பின்னால் இருந்தது. காத்தாடி நிழல் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

சாப்பிடும்போது சுண்டு கேட்டாள், கம்பெனிக்காரர்கள் ஏன் காலையிலேயே வந்து பார்த்தார்கள் என்று. ஆபீஸ் ஆட்களுக்கு நாலு மணியோடு வேலை முடிந்துவிடும் என்றார் அப்பா. குறைகளை எல்லாம் காலையில்தான் போய்ப் பார்ப்பார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, அவர்கள் வழக்கம் அது.

"நீங்கப்பா?"

"நான் எங்க? வேலையை அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சுட்டு வர்றதுக்குள்ள இருட்டிடுதே."

"அப்ப சாயங்காலம் அந்த ரூமுக்கு யாருமே போகலையா?"

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "மரத்து நிழல்கூடத்தான் ஜன்னல்ல விழும், கண்ணு," என்றார்.

சுண்டுவுக்கு வாதாடத் தெரியாது. நான்கு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான். அதனால் அவள் எழுந்து போய் மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் கூண்டுபோன்ற மூடியைக் கழற்றினாள். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். அந்த டப்பாவில் இருந்தது அந்த ஓர் ஊசிதான்.

விசிறிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள். அறை விளக்கை அணைத்தாள். அப்பாவை விசிறிக்குமுன் உட்காரவைத்து, ஊசியை அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல நூல் கோத்துக் குடுங்கப்பா."

"என்ன, எனக்கும் தையல் வேலையா? இருக்கிற வேலைக்கே தெருவுல திட்டு வாங்கறேன்," என்றார் அப்பா.

சுண்டு விசிறியின் இறக்கையை விரலால் மெல்லச் சுற்றினாள். மின்சாரம் இல்லை. விரல்தான். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. இருட்டு விழுந்தது. வெளிச்சம். இருட்டு.

நூல் ஊசியைத் தாண்டிப் போனது. அப்பா நூல் நுனியை நாக்கில் நனைத்தார். மறுபடி தாண்டிப் போனது. கண்ணை இடுக்கினார். ஊசியை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"போதும், நிறுத்து," என்றார்.

சுண்டு நிறுத்தவில்லை.

"தையலத்தை போதும்னு சொன்னா அது நிக்காதுப்பா," என்றாள்.

அம்மா டார்ச்சை இறக்கிவிட்டாள்.  விளக்கைப் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அப்பா வேறொருவரிடம் கெஞ்சி, வேலையைச் சீக்கிரம் ஒப்படைத்துவிட்டு வந்தார். கம்பெனிச் சட்டையோடு அவர் தெருவில் நடந்ததை எல்லா ஜன்னலும் பார்த்தது. சுண்டு முன்னால் ஓடி மாடியேறினாள்.

"உங்கப்பா எதுக்கு வர்றாரு? நிழல்தானேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லவா?" என்றார் தையலத்தை.

சுண்டுவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாவாடை ஊக்கைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சாயங்காலம் வந்து பாத்தவங்க யாருமே இல்லை, அத்தை. எங்கப்பா முதல் ஆளா இருக்கட்டும்."

 தையலத்தை ஒரு நாற்காலிமேல் இருந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

அப்பா அதில் உட்கார்ந்தார். காத்திருந்தார்கள். மேற்கே மேகம் ஏறியது. முதலில் மெல்லிய மேகம். பிறகு கரி பூசியது போலக் கனமான மேகம். காத்தாடி சுற்றியது. நிழல் வரவில்லை. அறை முழுவதும் சாம்பல் நிறமாக, அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தையலத்தை மெஷினுக்குமுன் போய் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

"மேகம் இருந்தா நான் தைக்கலாம். வெயில் வந்தா நீங்க பாக்கலாம். நான் எதைக் கேக்கறதுன்னே தெரியல," என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் அந்த விரல் கட்டைப் பார்த்தார். சுவரோரம் கட்டிவைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். கிளம்பும்போது நாளைக்கும் வருகிறேன் என்றார்.

"வாங்க. சனிக்கிழமை வரைக்கும் அந்த நாற்காலி இருக்கும். அப்புறம் அதையும் வண்டியில ஏத்திடுவோம்."

கீழே மளிகைக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டிருந்தது. "காத்தாடிக்காரர் பாக்க வந்தாரு, நிழல் லீவு போட்டுடுச்சு," என்று மாமா யாரிடமோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா குனிந்துகொண்டே நடந்தார். சுண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் எண்ணெய் வாசனை அடித்தது.

வெள்ளிக்கிழமையும் மேகம். தூறலும் போட்டது. அப்பா சொன்னபடி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுண்டுவும் பொத்தானும் தரையில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் தொங்கிய நூல்களை வெட்டினார்கள். கத்தரிக்கோல் ஒன்றுதான் இருந்தது. அதனால் பேசாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும்தான் மிச்சம் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் செய்தார். நாலு மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது, கைக்குழந்தை இருக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்வது சுண்டுவுக்கே கேட்டது. பார்த்து முடித்ததும் தானே பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகும் நெடுநேரம் பேசினார். எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று இன்ஜினியர் அம்மா கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு தடவை உக்காந்து பாருங்க, மேடம். நான் ஊசியில நூல் கோக்கப் பாத்தேன். முடியல," என்றார் அப்பா.

சனிக்கிழமை இன்ஜினியர் அம்மா வந்தார். தோளில் பை, கையில் குடை. வெளியே வானம் அன்றும் மூடிக்கிடந்தது. தையலத்தை அவருக்கு நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. போன இரண்டு தடவையும் கொடுத்திருந்தார்.

நேரம் போனது. இன்ஜினியர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில், இனிமேல் நிற்க முடியாது, குழந்தை அழும் என்று எழுந்துவிட்டார். அப்பா பைக் சாவியை எடுத்தார். பொத்தான் கடைசி மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

சுண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவதை யாரும் பார்க்கக் கூடாது.

அதனால் அவள்தான் முதலில் பார்த்தாள். மேகம் மேட்டைத் தொடவில்லை. மேகத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி, கதவின் கீழே தெரியும் வெளிச்சம் போல. சூரியன் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னாள், "கொஞ்சம் இருங்க. வருது."

அறை திடீரென்று மஞ்சளானது. மறுநொடி சுவரின் உச்சியிலிருந்து கறுப்பு இறங்கியது.

பொத்தான் பழக்கத்தில் விரிப்பை எடுத்துக்கொண்டு முக்காலிமேல் ஏறினாள். சுண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம், விடு. இன்னிக்கு வரட்டும்."

விரிப்பு இல்லாத ஜன்னல் வழியாக நிழல் முழுதாக உள்ளே வந்தது. சட்டைகள், மேசை, மூட்டைகள், ஆட்கள் என்று எல்லாவற்றின்மேலும் ஏறி இறங்கியது. சுண்டு மேசையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். இன்ஜினியர் அம்மாவின் முன்னால் நீட்டினாள். அவர் சுண்டுவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். உட்கார்ந்து, ஊசியை வாங்கிக்கொண்டார்.

நூல் ஊசியைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டிப் போனது. அவர் கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைமேலும் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுந்தன.

"நான் காலையில வந்தேன். ரெண்டு தடவையும்," என்றார்.

"ஆமா. தண்ணி குடிச்சுட்டுப் போனீங்க," என்றார் தையலத்தை.

இன்ஜினியர் அம்மா கண்ணைத் திறந்தார். போனை எடுத்தார். இப்படி நிழல் விழும் நேரத்தில் காத்தாடியை நிறுத்திவைக்க அதிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். நிழல் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததால் யாரும் அதைப் போட்டுவிடவில்லையாம். போனில் அந்தப் பக்கம் இருந்தவர், நல்ல காற்று வீசும்போதா நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று தகராறு செய்தார்.

"இல்லைன்னு எழுதினது நான்தான். இருக்குன்னு சொல்றதும் நான்தான். இப்ப நிறுத்துங்க. இனிமே தினமும் இந்த நேரத்துக்கு நிறுத்துங்க," என்றார் இன்ஜினியர் அம்மா.

எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிழல் அதே வேகத்தில் வந்தது. இன்னும் வந்தது. பிறகு கொஞ்சம் மெதுவாக வந்தது போல இருந்தது. நிஜமாகவே மெதுவாகியது. கடைசியாக ஓர் இறக்கை சோம்பல் முறித்துக்கொண்டு வருவது போலச் சுவரில் பாதி தூரம் இறங்கி, மாட்டியிருந்த சட்டைகளுக்குமேல் நின்றுவிட்டது.

மிச்ச இடமெல்லாம் வெளிச்சம்.

தையலத்தை இன்ஜினியர் அம்மாவின் மடியிலிருந்து ஊசியை எடுத்தார். கட்டுப்போட்ட விரலை விலக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்தார். ஒரே தடவையில் நுழைந்தது. சுண்டுவின் பக்கம் திரும்பித் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க வா. அசையாம நில்லு."

அசையாமல் நிற்பது சுண்டுவுக்கு இந்த வாரம் முழுவதும் பழகிய வேலை. தையலத்தை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைக் கையில் குத்திக்கொண்டார். பாவாடையின் ஓரத்தைக் கையாலேயே தைத்தார். முடிந்ததும் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

"யாரு ஊக்கு குத்தினது? ஒண்ணுகூட நேரா இல்லை."

"அம்மா," என்றாள் சுண்டு.

"ரொட்டி வெட்டற கைதானே," என்றார் தையலத்தை. பிறகு தலையைத் தூக்காமலேயே, "டீ குடிச்சுட்டுப் போறீங்களா, அண்ணே?" என்றார்.

அப்பா வாசலில் பைக் சாவியோடு நின்றிருந்தார்.  தலையை ஆட்டினார்.

மறுநாள் பொத்தானின் மாமா வேன் கொண்டுவந்தார். மாடிக்குப் போய், இறங்கி வந்து, காலி வேனை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனார். போகும்போது யாரோடோ கோபமாகப் போனில் பேசிக்கொண்டே போனார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. திருப்பிக் கொடுத்த சீருடை வேலை வேறொரு தையல்காரருக்குப் போய்விட்டது. தையலத்தையின் விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மூட்டைகளில் பாதியை அவர் பிரிக்கவும் இல்லை. இந்த வெயில் காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். சுவர்களில் 'வேண்டாம்' அப்படியே இருந்தது. அப்பா தன் வீட்டுச் சுவரில் இருந்ததையும் அழிக்கவில்லை. எழுதியவர்களே வந்து அழிக்கட்டும், இல்லையென்றால் இருக்கட்டும் என்றார்.

புதிய மூன்று காத்தாடிகளைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கம்பெனி கூட்டம் போடுகிறது. வழக்கம்போலக் காலை பத்து மணி என்று அறிவித்தார்கள். மளிகைக்கடை மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வையுங்கள், மேற்கே ஜன்னல் இருக்கிற வீட்டிலெல்லாம் ஆளுக்கொரு நாற்காலி போட்டு வைக்கிறோம், உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். அதை மாமா சுண்டுவின் அப்பாவிடம்தான் சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, மேசைமேல் ஒரு மிட்டாயை வைத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் சுண்டு தன் பெஞ்சின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பை வந்து விழுந்தது.

"நகரு," என்றாள் பொத்தான். "என்ன, ரெண்டு பேர் இடத்தையும் எழுதி வாங்கிட்டியா?"

சுண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். முழங்காலில் எதுவுமே குத்தவில்லை.